சுவருக்குள் கசியும் ஏர்கோன்: யாரிடம் போவது?

அக்கா வீடு பினாங்கு குளுகோரில், பழைய இரட்டை மாடி வரிசை வீடு. போன ஆண்டு வீட்டைப் புதுப்பித்த கையோடு மூன்று ஏர்கோன் பொருத்தினார்கள். கூடத்துக்கு ஒன்றரை எச்.பி., மாடி அறைகளுக்கு ஒரு எச்.பி. வீதம் இரண்டு. குழாய் வெளியே தெரியக்கூடாது என்று அத்தான் பிடிவாதமாக இருந்ததால் சுவரைக் கொத்தி, செம்புக்குழாயை உள்ளே புதைத்து, பூசி, சாயம் அடித்தாயிற்று. மொத்தம் 7,200 ரிங்கிட். வேலையை எடுத்த குத்தகையாளர் கோயில் பழக்கத்தில் வந்தவர், நம்ம ஆள். அதனால் ரசீது கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

நான்காவது மாதம் கூடத்து ஏர்கோன் வெறும் காற்றை விட ஆரம்பித்தது. அவர் வந்து பார்த்தார். "கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்குக்கா" என்று சொல்லி ஏற்றிவிட்டு 150 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அதே கதை, அதே 150. மூன்றாவது முறை கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

அந்த வாரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். விட்டுத்தள்ளு, வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம் என்றார் அத்தான். பேஸ்புக்கில் போட்டால் மறுநாளே ஓடி வருவான் என்றான் மருமகன். கோயில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார் என்றார் பெரியம்மா. பயனீட்டாளர் ட்ரிபியூனல் என்றேன் நான். யாரும் யாரையும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த ஒரு மாதம் இந்த வழிகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் கேஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கே அதில்தான் நிற்கிறது. ஏர்கோன் கேஸ், காருக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒழுங்காகப் பொருத்திய ஏர்கோனில் அது வருடக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவு எங்கே என்று தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர், தன் வேலையின் குறைக்குத் தானே கட்டணம் வசூலிக்கிறார். இப்போது வருகிற பெரும்பாலான ஏர்கோன்களில் இருக்கும் ஆர்-32 கேஸ், பழைய ஆர்-22 ஐ விட அதிக அழுத்தத்தில் ஓடும், லேசாகத் தீப்பற்றவும் கூடியது. குழாய் இணைப்பில் கை சுத்தம் இல்லையென்றால் அது மன்னிக்காது. பொருத்தி முடித்ததும் வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்த பிறகுதான் கேஸைத் திறந்துவிட வேண்டும். அக்கா வீட்டில் அப்படி ஒரு பம்ப்பைப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஏர்கோன் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கும் அழைத்தோம். வாரண்டி இருக்கிறதே என்ற நம்பிக்கை. வந்தவர் வெளியே இருக்கும் கம்ப்ரசரைப் பார்த்தார், உள்ளே இருக்கும் காயிலைப் பார்த்தார். மெஷினில் குறையில்லை, பொருத்திய வேலையில் குறை, அது வாரண்டியில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படம் எடுத்துக் குத்தகையாளருக்கு வாட்சப்பில் அனுப்பினோம். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "மெஷின் கோளாறுக்கா. நம்ம வேலையில ஒண்ணும் இல்ல." இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுகிற இந்த இடத்தில்தான் பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் இங்கே 180 ரிங்கிட் செலவழித்தோம். இந்த விவகாரத்தில் நாங்கள் செய்த புத்திசாலித்தனமான செலவு அது ஒன்றுதான். பட்டர்வொர்த்தில் இருந்து வேறொரு ஏர்கோன்காரரை வரவழைத்து, பழுது பார்க்கச் சொல்லாமல் சோதனை மட்டும் செய்யச் சொன்னோம். அவர் குழாயின் இரு முனைகளையும் மெஷினிலிருந்து கழற்றி அடைத்து, நைட்ரஜனை ஏற்றி, மீட்டரைப் படம் எடுத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டார். காலையில் முள் நன்றாக இறங்கியிருந்தது. மெஷின் இரண்டு பக்கமும் கழன்று கிடக்க, கசிவது சுவருக்குள் இருக்கும் குழாய்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப்போட்டு, அந்த இணைப்பையும் சேர்த்துப் புதைத்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. தேதி, கையெழுத்து, இரண்டு படங்களோடு ஒரு பக்க அறிக்கை வாங்கிக்கொண்டோம்.

இந்த அறிக்கை கைக்கு வருவதற்கு முன்னால் சுவரை உடைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். பழுதைச் சரிசெய்கிற அவசரத்தில் சாட்சியத்தைக் குப்பைத்தொட்டியில் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே விதிவிலக்கு மின்சாரம். கோளாறு ஏர்கோனில் இல்லாமல் வாட்டர் ஹீட்டரில் இருந்து, தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் வழிகளை ஒப்பிடவும் வேண்டாம், அறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். வாட்டர் ஹீட்டர் லைனுக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. (மின்கசிவுத் துண்டிப்பான்) வேண்டும் என்கின்றன 1994 ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள். அது இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அதே ஆளையே திரும்பக் கூப்பிடுவதை எங்கள் வீட்டில் எல்லாரும் அவமானமாக நினைத்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தபோது புரிந்தது, இதை ஒரு வழி என்றே எண்ணக்கூடாது, மற்ற வழிகளுக்குள் நுழையும் வாசல் இது. ஒரு வேலையைக் காசுக்குச் செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்பது சட்டமே தருகிற உத்தரவாதம். ரசீதில் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. 'வேலை முடிந்த பிறகு பொறுப்பில்லை' என்று எழுதியிருந்தாலும் செல்லாது. அதே சட்டம் சொல்வது: சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி முதலில் அவரைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ வேறு ஆளை வைத்துச் செய்து, நியாயமான செலவை அவரிடமே வசூலிக்கலாம். இல்லையென்றால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம்.

ஆகவே அவர் வந்து சரிசெய்தால் லாபம், வராவிட்டாலும் லாபம். கேட்டது எழுத்தில் இருந்தால் போதும். அக்கா வாட்சப்பில் எழுதியதையே சொல்கிறேன்: 'தம்பி, சோதனை அறிக்கை இத்துடன் உள்ளது. கூடத்துக் குழாயை 14 நாளுக்குள் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கேட்பேன்.' அக்காவுக்கு இதை அனுப்பக் கை நடுங்கியது. "அக்கா, அக்கா"ன்னு கூப்பிட்ட பிள்ளை என்றாள். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நீல டிக்கையும் படம் எடுத்து வைத்தோம்.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பைச் சுவருக்குள் புதைத்தவர் கையிலேயே மறுபடியும் உளியைக் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால், அவர் ஒத்துக்கொண்டு வந்தால் புதிய குழாயை மூடுவதற்கு முன் நைட்ரஜன் சோதனையைக் கண்ணெதிரே காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு முகம் சுளிக்கிறவரை வேலை செய்ய விடக்கூடாது.

அத்தான் சொன்ன 'விட்டுத்தள்ளு' வழிக்கு விலை கேட்டுப் பார்த்தோம். சுவரைத் திரும்பக் கொத்தி, குழாய் மாற்றி, பூசி, சாயம் அடிக்க 2,800 ரிங்கிட். சுவருக்கு வெளியிலேயே வெள்ளை டிரங்கிங் பெட்டிக்குள் புதுக் குழாய் ஓட்டினால் 1,450, பழைய ஓட்டையை அடைத்துச் சாயம் அடிக்க ஒரு 350. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அத்தான் பிடிவாதம் தானாகக் குறைந்தது. இந்த வழியில் அலைச்சல் இல்லை, இரண்டு நாளில் வீடு குளிரும். வயதானவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இதையே முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் முன்னே சொன்ன அறிக்கையும், 14 நாள் கெடுவும், புது வேலைக்கான ரசீதும் கையில் இருந்தால் அது விட்டுத்தள்ளுவதாகாது. பணத்தை இப்போது நாம் போட்டு, பிறகு கேட்கிறோம், அவ்வளவுதான்.

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, கிரீன் லேனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 1969 இல் தொடங்கியது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019 இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்தார். தமிழிலேயே போய்ப் பேசலாம். மலாயில் எழுதத் தடுமாறுகிற நம் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. சங்கம் குத்தகையாளருக்குக் கடிதம் எழுதும், எங்கே போகலாம் என்று வழி சொல்லும். கடை வைத்து நாலு பேருக்குத் தெரிந்து தொழில் செய்கிறவர் அந்தக் கடிதத் தலைப்பைப் பார்த்ததும் இறங்கி வரலாம். ஆனால் பணத்தைக் கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. போனையே எடுக்காதவர் கடிதத்தைப் பிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுப்பதும் நல்லதுதான், பொய் விளம்பரம், ஏமாற்று வியாபாரம் என்றால் அவர்கள் நடவடிக்கை எடுப்பார்கள். ஆனால் அந்த நடவடிக்கையால் நம் பாக்கெட்டுக்குப் பணம் வராது.

பணம் வர வேண்டுமென்றால் அதே அமைச்சின் கீழ் இருக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும். எல்லாரும் ட்ரிபியூனல் என்கிறோமே, அதுதான். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் விலை. 1999 இல் தொடங்கியபோது 10,000 ரிங்கிட் வரைதான் கேட்க முடிந்தது, பிறகு 25,000 ஆனது, 2019 முதல் 50,000 வரை கேட்கலாம். வீட்டு ஏர்கோன், ஆட்டோகேட், வாட்டர் ஹீட்டர், கிச்சன் கேபினெட் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். முதலாம் பாரத்தை (படிவத்தை) நிரப்பிப் பதிந்து, அதை எதிர்த்தரப்புக்கு நாமே கொண்டு சேர்க்க வேண்டும், நேரிலோ பதிவுத் தபாலிலோ. அவர் 14 நாளுக்குள் இரண்டாம் பாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அதிலேயே நம் மீது எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம், பாக்கிப் பணம் தரவில்லை என்பது மாதிரி. அதனால் கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருப்பவர்கள் ஏன் பிடித்தோம் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருப்பது நல்லது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வக்கீல்கள் உள்ளே வர முடியாது. அவரும் பேச வேண்டும், நாமும் பேச வேண்டும். மன்றத் தலைவர் முதலில் இரு தரப்பையும் சமாதானத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார். முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார், முடிந்தவரை முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எதிர்த்தரப்பு வராமலே போனாலும் தீர்ப்பு வரும். 14 நாளுக்குள் தீர்ப்பின்படி நடக்காவிட்டால் அது குற்றம், அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு.

இத்தனை நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் எல்லாரும் போகவில்லை? முகவரிதான் காரணம். நம் ஊரில் பாதி ஏர்கோன்காரர்களுக்குக் கடை ஒரு வேன், முகவரி ஒரு போன் எண். பாரத்தை எங்கே அனுப்புவது? அக்காவிடம் ரசீது இல்லை. அவள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு ஒரு கம்பெனி பெயரில் இருந்ததால் தப்பித்தோம். அந்தப் பெயரை மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம் மில் தேடி, சிறு கட்டணத்தில் பதிவு எண்ணும் முகவரியும் எடுத்தோம். கணக்கு தனி ஆள் பெயரில் இருந்து, கம்பெனிப் பதிவும் இல்லையென்றால், 5 ரிங்கிட் கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்டவரிடம் மாட்டியவர்களுக்கு நேர்மையாக நான் சொல்லக்கூடியது அத்தான் சொன்ன வழிதான். எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் எதிரே நிற்கிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

நீதிமன்றத்தைப் பற்றிக் கொஞ்சம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒன்று உண்டு, 5,000 ரிங்கிட் வரை, அங்கேயும் பொதுவாக வக்கீல் கிடையாது. அக்காவின் தொகைக்குப் பொருந்தும்தான். ஆனால் 50,000 வரை கேட்கக்கூடிய ட்ரிபியூனல் இருக்கும்போது லைட் ஸ்திரீட் நீதிமன்றப் படியேற எனக்குக் காரணம் தெரியவில்லை, ஒன்றைத் தவிர: காலம். ட்ரிபியூனலில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு நீதிமன்றம் போக 1953 ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. நான்காம் ஆண்டில் விழித்துக்கொண்டவருக்கு நீதிமன்றம்தான் மிச்சம். இரண்டு இடத்திலும் ஒரே கோரிக்கையை வைக்க முடியாது. வக்கீல் வைத்து முழு வழக்கு என்பது வீடு முழுக்கப் புதுப்பிக்கும் வேலை பாழான கதைக்குச் சரி, ஒரு ஏர்கோனுக்குச் சரிவராது.

போலீஸ் புகார், முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனவருக்கு. வேலை செய்து, மோசமாகச் செய்தவரைப் பற்றிச் சொன்னால் 'சிவில் கேஸ்' என்று அனுப்பிவிடுவார்கள். பேஸ்புக் யோசனையைப் பொறுத்தவரை, மருமகனிடம் ஒன்றுதான் கேட்டேன்: அவதூறு வழக்குப் போட்டால் யார் கட்டுவது? அப்புறம் அவன் பேசவில்லை. கோயில் தலைவரிடம் பெரியம்மா எங்களுக்குத் தெரியாமலே சொல்லிவிட்டார். அவர் 'பேசுகிறேன்' என்றார். பேசினாரா என்று தெரியாது.

அக்கா டிரங்கிங் போட்டுக் கூடத்தை முதலில் குளிர வைத்துக்கொண்டாள். பிறகு புதுக் குழாய் 1,450, சுவர் வேலை 350, இரண்டு முறை ஏற்றிய கேஸுக்கு 300, சோதனைக்கு 180, ஆக 2,280 ரிங்கிட்டுக்கு ட்ரிபியூனலில் பதிந்தோம். பதிவுத் தபால் போன மறுநாளே போன் வந்தது. இரண்டு முறை ஏர்கோனுக்குக் கேஸ் கம்மி என்றவர், இப்போது நேரம் கம்மி என்றார். எதுவாக இருந்தாலும் அங்கே வந்து சொல்லுங்கள் தம்பி என்று அக்கா வைத்துவிட்டாள்.

விசாரணை நாளில் அவர் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு வைத்துக்கொண்டு. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதைப் பார்த்து அக்கா கொஞ்சம் இளகிவிட்டாள் என்பதை மறைக்க மாட்டேன். மன்றத் தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு, சுவருக்குள் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். குழாய் நீளம் பத்தவில்லை என்றார் அவர். அதன் பிறகு பேசியதெல்லாம் தொகையைப் பற்றித்தான். 14 நாளுக்குள் 2,000 ரிங்கிட் என்று முடிந்தது. 280 ஐ விட்டுக்கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சண்டை அக்காவுடையது. பதின்மூன்றாம் நாள் இரவு பணம் கணக்கில் ஏறியது.

ஒப்புதல் தாளில் ஒரு வரியை மட்டும் நான் மாற்றச் சொன்னேன். 'வீட்டில் பொருத்திய ஏர்கோன்கள்' என்று இருந்ததைக் 'கூடத்து ஏர்கோன்' என்று எழுத வைத்தேன். மாடி அறைகளின் குழாய்களும் அதே கை புதைத்தவைதான். இதுவரை குளிர்கின்றன.